முதல் அரை மணி நேரம்

ஜூன் 4

அக்காவுக்கு,

நீ ஃபோனை எடுக்கப் போவதில்லை என்பது பதினான்காவது தடவையில் எனக்கே புரிந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ஸ்பேனர் பிடித்துப் பிடித்து லிஃப்ட் மெக்கானிக்கின் கை இப்படித்தான் ஆகும்.

முதலில் முக்கியமான விஷயம். என் வீட்டு டிவி ரிமோட் உன் கைப்பையில் இருக்கிறது. அன்றைக்கு டிவியை அணைத்துவிட்டு விறுவிறுவென்று கிளம்பினாயே, அப்போது அதுவும் உன்னோடு வந்துவிட்டது. மூன்று மாதமாக உன் தம்பி பெண்டாட்டி ஒவ்வொரு சேனலுக்கும் எழுந்து நடக்கிறாள். கோபம் என் மேலே, தண்டனை அவள் முழங்காலுக்கா?

அன்றைக்கு நடந்ததை நான் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். என்னோடு வேலை செய்கிறவர்கள் சாப்பிட வந்திருந்தார்கள். டிவியில் அந்தத் திக்குவாய்க் கல்யாணத் தரகர் காமெடி ஓடியது. மாப்பிள்ளையின் பெருமையை அவர் திக்கித் திக்கிச் சொல்லி முடிப்பதற்குள் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணமே முடிந்துவிடுமே, அதுதான். சின்ன வயதில் நடித்துக் காட்டிய மாதிரி நடித்துக் காட்டினேன். எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நீ மட்டும் ரிமோட்டை எடுத்துப் பட்டென்று அணைத்தாய். நான் "இது என் வீடு" என்று கத்தினேன். அது தப்புதான். ஆனால் ஒரு காமெடிக்காகவா கூடப் பிறந்தவனோடு பேச்சை நிறுத்துவார்கள்?

சரி, போகட்டும். எனக்கும் உன்மேல் ஒரு புகார் இருக்கிறது.

இங்கே வெளியூரில் புது ஆஸ்பத்திரிக் கட்டிடத்தில் ஆறு லிஃப்ட் மாட்டுகிறோம். ஒரே அறையில் நான், ஒரு வெல்டர், ஒரு பழைய டிவி. வெல்டர் சீரியல் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுகிற ஆள். நெருப்புக்கு முன்னால் அசையாமல் நிற்கிறவர், ஒரு மாமியார் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்டால் கண் கலங்கிவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை மதியம் பழைய படம் போடுகிறார்கள். போன வாரம் நம் குடைப் படம்! வெயிலிலும் கறுப்புக் குடையோடு திரிவானே கதாநாயகன். முப்பது வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் அதை முதலிலிருந்து பார்த்தேன்.

சின்ன வயதில் அதைப் பார்த்துவிட்டு வரும்போது நீ என்ன சொன்னாய்? அவன் அம்மா உயிர் போகிற நேரத்தில் அந்தக் குடையைக் கையில் கொடுத்து, "நான் இல்லாட்டியும் உன் தலைக்கு மேல இது இருக்கட்டும்" என்றாள் என்று சொன்னாய். நான் வீடு வரை அழுதுகொண்டே வந்தேன். படத்தில் அப்படி ஒரு அம்மாவே இல்லை! பிளாட்பாரத்தில் தூங்குகிற ஒருவரிடமிருந்து அடித்துக்கொண்டு ஓடுகிறான். திருட்டுக் குடை, அக்கா. ஒரு திருட்டுக் குடைக்காகவா நான் அவ்வளவு அழுதேன்?

ரிமோட்டை அனுப்பு.

உன் தம்பி

—

ஜூன் 13

தம்பிக்கு,

ரிமோட் என்னிடம்தான் இருக்கிறது. அதிலிருந்த இரண்டு பேட்டரியையும் சுவர்க் கடிகாரத்துக்குப் போட்டுவிட்டேன். கடிகாரம் நன்றாக ஓடுகிறது.

குடைக்கு அம்மாவைக் கொண்டுவந்தது நான்தான். நாம் என்றைக்கு ஒரு படத்தை முதலிலிருந்து பார்த்தோம்? அப்பா நம் இருவரையும் உள்ளே கூட்டிப் போகும்போது அரை மணி நேரப் படம் ஓடி முடிந்திருக்கும். நீ என் காதைக் கடித்து "அக்கா, இவன் யாரு? இவளுக்கு ஏன் கோபம்? முதல்ல என்ன ஆச்சு?" என்று உயிரை எடுப்பாய். முன் சீட்டுக்காரர் திரும்பி முறைப்பார். "வீட்டுக்குப் போறப்ப சொல்றேன்" என்று உன் வாயை அடைப்பேன். பிறகு சொல்லித்தானே ஆகவேண்டும்? எனக்கு மட்டும் யார் சொன்னார்கள்? நானும் உன்னோடுதானே உள்ளே வந்தேன்!

நான் இப்போது அதிகம் பார்ப்பதில்லை. நாள் முழுக்கக் கண்ணாடிக் கடையில் அடுத்தவர் கண்ணைப் பார்த்துவிட்டு வந்தால் சொந்தக் கண் ஓய்வு கேட்கிறது. ஆனாலும் ஏழரை மணி சீரியலை விடமாட்டேன். அதில் கதாநாயகி சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவள். யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. போன வாரம் கண்ணாடியைக் கழற்றினாள். உடனே காற்று அடிக்கிறது, பாட்டு வருகிறது, அழகியாகிவிட்டாள். கழற்றிவிட்டுக் கதாநாயகனைப் பார்த்து நேராக ஓடுகிறாள். அந்த லென்ஸின் கனத்துக்கு மைனஸ் எட்டாவது இருக்கும். தூணில் அல்லவா போய் மோதியிருக்க வேண்டும்? கடையில் ஒரு பெண் நேற்றுக் கண்ணாடியே வேண்டாம் என்று அடம் பிடித்தாள். இந்த சீரியல்காரர்களை நிற்க வைத்துக் கேட்கவேண்டும்.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். குடையைப் பற்றி எழுதினாய், வெல்டரைப் பற்றி எழுதினாய். பெற்ற மகள், பாப்பாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. அவள் எப்படி இருக்கிறாள்? அன்றைக்கு நீ நடித்துக் காட்டியபோது அவள் எழுந்து உள்ளே போனதைப் பார்த்தாயா?

அக்கா

—

ஜூன் 24

அக்காவுக்கு,

பேட்டரியைத் திருடி நேரம் பார்க்கிறவளை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

இந்த ஞாயிறு எஸ்டேட் படம் போட்டார்கள். அந்த முரட்டு மேனேஜர் வருவாரே, எல்லோரையும் விரட்டிக்கொண்டே. சின்ன வயதில் அவர் பசியோடு பள்ளிக்கூட வாசலில் நின்றார், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, அதனால்தான் மனசு கல்லாகிவிட்டது என்றாய். படத்தில் அப்படி எதுவும் கிடையாது. முதல் சீனிலேயே குதிரையில் வந்து ஒரு கிழவரை உதைக்கிறார். காரணமே இல்லாத கெட்டவன். எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. யோசித்துப் பார்க்கிறேன், நீ சொன்ன எந்த ஆரம்பத்திலும் கெட்டவனே கிடையாது. எல்லா வில்லனுக்கும் ஒரு நியாயம் வைத்திருந்தாய்.

அப்புறம் ஒரு புது போலீஸ் தொடர். எல்லோரும் இருட்டிலேயே விசாரிக்கிறார்கள். ஒரு லைட்டைப் போட்டால் கேஸ் அங்கேயே முடிந்துவிடும். அதில் லிஃப்ட் கயிற்றை ஒருவன் கத்தியால் அறுக்கிறான், லிஃப்ட் தடதடவென்று விழுகிறது. லிஃப்டுக்கு ஒரு கயிறா இருக்கிறது? நாங்கள் ஆறு கயிறு போடுகிறோம், எல்லாம் இரும்பு. அத்தனையும் அறுந்தாலும் பிரேக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். வெல்டரிடம் சொன்னால், "பேசாம பாருங்க சார், அவன்தான் கொலைகாரன்னு முன்னாடியே சொல்லிட்டீங்க, இப்ப லிஃப்டும் விழாதுன்னா நான் எதைத்தான் பாக்கறது" என்கிறார். நான் என்ன செய்ய? ஆரம்பம் தெரியாமலே படம் பார்த்து வளர்ந்தவன். பத்து நிமிஷத்தில் முடிவு தெரிந்துவிடும். தெரிந்தால் வாய் சும்மா இருக்காது. முந்திரிக்கொட்டை என்று நீதானே திட்டுவாய்.

எல்லாம் அப்பாவால் வந்தது. வீட்டிலிருந்து நேரத்துக்குத்தான் கிளம்புவார். தியேட்டருக்கு எதிரே சோடாக் கடையில் போய் நின்றுகொள்வார். ஒரே ஒரு சோடா, அதை அரை மணி நேரம் குடிப்பார். உள்ளே பாட்டுச் சத்தம் கேட்கும். நான் சட்டையைப் பிடித்து இழுப்பேன். மனுஷன் அசைய மாட்டார். கடைசி ஆளும் உள்ளே போன பிறகுதான் நிதானமாக ரோட்டைக் கடந்து, கவுண்டரில் ராஜா மாதிரி மூன்று விரலை நீட்டுவார். பிள்ளைகள் ஆசைப்படுகிறார்களே என்று ஒரு நாளாவது நினைத்திருப்பாரா? அவர் என்னைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை அக்கா. நோஞ்சானாக இருந்த என்னை யானை, யானை என்று கிண்டல்தான் செய்தார். எனக்கு ஒன்பது வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் வாயால் என் பெயர் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. அதனால்தான் நான் என் வீட்டாரோடு தியேட்டருக்குப் போனால் ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் நிற்பேன். பாப்பாவை நாங்கள் வைத்த பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். உன்னைப் போல பாப்பா என்று அல்ல.

நீ கேட்டதால் எழுதுகிறேன். அவள் இப்போதெல்லாம் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஃபோனில் "உம்" என்கிறாள், "சரி" என்கிறாள், அம்மாவிடம் கொடுத்துவிடுகிறாள். எட்டு வயதில் என்ன ரோஷமோ. ஒரு வருஷமாகவே பேச்சு முட்டுகிறது. முதல் எழுத்திலேயே நின்றுவிடுகிறாள். பார்க்கப் பாவமாக இருக்கும், அதனால் மீதியை நானே சொல்லிவிடுவேன். அவள் என்ன சொல்ல வருகிறாள் என்று எனக்குத்தான் தெரியுமே. வேகமாகப் பேசிப் பழகினால் சரியாகிவிடும் என்று அதட்டியும் பார்த்தேன். இப்போது பேச்சே நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்திலும் வாயைத் திறப்பதில்லை என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா.

உன் தம்பி

—

ஜூலை 2

தம்பிக்கு,

ஃபோனை நான் ஏன் எடுக்கவில்லை தெரியுமா? ஃபோனில் நீ என்னைப் பேச விடமாட்டாய். நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீயே சொல்லிவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால் இதைக் கடைசி வரை படி.

அப்பாவுக்குத் திக்குவாய்.

உனக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நம்மோடு பேசும்போது அவருக்கு அவ்வளவாக வராது. வெளி ஆட்களிடம்தான் வரும், அதுவும் பின்னால் நாலு பேர் அவசரப்படுத்தினால் சுத்தமாக அடைத்துக்கொள்ளும். அதை மறைக்கத்தான் வாழ்நாள் பூராவும் பாடுபட்டார். தபால் பிரிக்கிற வேலையைத் தேடிப் பிடித்ததே அங்கே யாரோடும் பேச வேண்டாம் என்பதற்காகத்தான். ஊர் உலகத்தின் பெயரையெல்லாம் கண்ணால் படித்தார், ஒன்றையும் வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வராத வார்த்தைக்குப் பதில் வருகிற வார்த்தை ஒன்றைக் கைவசம் வைத்திருப்பார். அமைதியான மனுஷன் என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

எல்லா எழுத்திலும் மோசமானது 'ம'. 'மூணு டிக்கெட்' என்று சொல்ல அவரால் முடியாது. ஒரு தடவை, நீ கைக்குழந்தையாக அம்மாவிடம் இருந்தபோது, நானும் அவரும் பெரியப்பாவும் வரிசையில் நின்றோம். கவுண்டரில் அவர் 'ம்... ம்...' என்று நிற்க, பின்னாலிருந்து ஒருவன் அதே மாதிரி செய்து காட்டினான். வரிசையே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அன்றைக்குப் பிறகுதான் சோடாக் கடை. கூட்டம் தீரும் வரை நிற்பார். கவுண்டர்காரர் தனியாக இருக்கும்போது போய் மூன்று விரல் காட்டுவார். கூச்சத்தில் செத்துச் செத்து நீட்டின விரல்டா அது. நீ ராஜா என்கிறாய்.

நீ ஆசைப்பட்டது அவருக்கும் தெரிந்திருந்தது. இல்லாவிட்டால் அவ்வளவு பயத்தோடு மாதா மாதம் நம்மைக் கூட்டிப் போயிருப்பாரா? வீட்டிலேயே இருந்திருக்கலாமே.

இனி உன் பெயர். அதை ஆசை ஆசையாக வைத்தது அம்மா. அதுவும் அதே எழுத்தில்தானே ஆரம்பிக்கிறது! வேண்டாம் என்று சொல்ல அப்பாவுக்கு வெட்கம். பெற்ற பிள்ளையைக் கூப்பிடும்போது முதல் எழுத்திலேயே நின்றுவிடக் கூடாது என்று, தடங்கலில்லாமல் வருகிற வார்த்தை ஒன்றை நாலு நாள் தேடினார். தனியாக நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பதை நான் கதவிடுக்கில் பார்த்திருக்கிறேன். கடைசியில் யானை வந்தது. சொல்லிவிட்டு அவர் முகத்தில் வந்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். அது கிண்டல் இல்லை. அதுதான் அவர் உனக்கு வைத்த பெயர்.

இதையெல்லாம் அப்போதே சொல்லியிருக்கலாமே என்பாய். உனக்கு ஏழு வயதில் அந்தத் தரகர் காமெடியைப் பார்த்துவிட்டு வந்தோம். ஒரு வாரம் வீடெல்லாம் அவரைப் போலவே திக்கித் திக்கிப் பேசிக் காட்டினாய். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள், அம்மா சிரித்தாள், அப்பா எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். மறுநாள் காலை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "யானைக்குத் தெரிய வேணாம்மா. தெரிஞ்சா அவனால இனிமே இப்படிச் சிரிக்க முடியாது" என்றார். வாக்குக் கொடுத்தேன். முப்பத்து நாலு வருஷம் காப்பாற்றினேன். இன்றைக்கு மீறுகிறேன், அவர் பேத்திக்காக.

குடைத் திருடனுக்கும் எஸ்டேட் மேனேஜருக்கும் ஆரம்பம் சொன்னேன். அப்பாவுக்கு மட்டும் சொல்லாமல் விட்டேன். நீ அவரைக் கெட்டவராகவே பார்த்து வளர்ந்துவிட்டாய். அதில் என் தப்பும் இருக்கிறது.

அன்றைக்கு நீ நடித்தபோது பாப்பாவும் முதலில் சிரித்தாள். அப்பாவின் அதே சிரிப்பு. அதைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை. கையில் கிடைத்தது ரிமோட், அணைத்தேன். உன்னை அறைந்திருக்க வேண்டும்.

அவள் சொல்ல வருவது உனக்குத் தெரியும் என்கிறாய். தெரிந்தால் என்ன? அவள் சொல்லட்டுமே.

அக்கா

—

ஜூலை 9

அக்கா,

கடிதம் கிடைத்தது. நாலு தடவை எழுத உட்கார்ந்து நாலு தடவையும் கிழித்துவிட்டேன். எனக்கு வார்த்தை வரவில்லை. லீவுக்குச் சொல்லியிருக்கிறேன்.

—

ஜூலை 27

டேய்,

பதினெட்டு நாளாயிற்று. கோபமா, வருத்தமா என்றாவது எழுது. ரொம்பக் கடுமையாக எழுதிவிட்டேனோ என்று கடையில் நம்பர் மாற்றி லென்ஸ் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சீரியலில் அந்தப் பெண் மறுபடி கண்ணாடி போட்டுக்கொண்டாள். கல்யாணம் முடிந்துவிட்டது, இனி யாருக்காகக் கழற்ற வேண்டும் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

அக்கா

—

ஆகஸ்ட் 3

அக்காவுக்கு,

வீட்டிலிருந்து எழுதுகிறேன். பத்து நாள் லீவு.

உன் கடிதத்தைப் படித்த அன்று லிஃப்ட் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் நிறுத்திவைத்துக்கொண்டேன், யாரும் வர முடியாது பார். ஏழு வயதில் அந்த ஒரு வாரம் நான் ஆடிய ஆட்டம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அவர் முன்னால் நின்றே திக்கிக் காட்டியிருக்கிறேன். "அப்பா, நீங்களும் அதே மாதிரி பேசுங்க" என்று கேட்டிருக்கிறேன் அக்கா. அவர் என் தலையைத் தடவினார்.

அதற்குப் பிறகு ஃபோனில் பாப்பா பேசும்போதெல்லாம் பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டேன். (ஆமாம், இனி நானும் பாப்பா என்றே கூப்பிடப் போகிறேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.) முதல் நாள் "உம்" என்றாள், நான் காத்திருந்தேன். இரண்டாம் நாள், "அப்பா, லைன்ல இ... இருக்கீங்களா?" என்று கேட்டாள். நான் இவ்வளவு நேரம் சும்மா இருந்ததே இல்லையே, கட்டாகிவிட்டது என்று நினைத்திருக்கிறாள். மூன்று மூடி கடித்துத் துப்பிவிட்டேன். வந்த அன்றைக்கே, அந்தத் தரகர் மாதிரி இனிமேல் செய்ய மாட்டேன், செய்தது தப்பு என்று அவளிடம் சொன்னேன். "ச... சரி" என்றாள். அவ்வளவுதான்.

நேற்று மதிய ஆட்டத்துக்கு மூன்று பேரும் போனோம். பழக்க தோஷம், ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விட்டேன். கவுண்டர் முன்னால் ஏகப்பட்ட கூட்டம். பாப்பா என் கையை இழுத்து, "இன்னிக்கு நானே டி... டிக்கெட் வாங்கறேன். ஆனா கூட்டம் போகட்டும்" என்றாள். எதிரே ஜூஸ் கடையில் போய் நின்றுகொண்டாள். என் மனைவி, "படம் போட்டுடுவாங்கடி" என்றாள். நான் மூன்று ஜூஸ் சொன்னேன். படம் போட்ட பிறகும் அரை மணி நேரம் அதையே குடித்தோம் அக்கா. அதை அவ்வளவு நேரம் குடிப்பது எத்தனை கஷ்டம் என்று இப்போதுதான் தெரிந்தது. உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டது. நான் அவளை அவசரப்படுத்தவில்லை.

கூட்டம் தீர்ந்ததும் ரோட்டைக் கடந்தோம். அவள் கவுண்டரில் எக்கி நின்று, "ம்... ம்..." என்றாள். நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து எங்கள் பின்னால் ஒரு ஆள் மூச்சிரைக்க ஓடி வந்து நின்றார். "எத்தனைன்னு சீக்கிரம் சொல்லும்மா, ஆரம்பிச்சிட்டாங்க" என்றார். என் நாக்கு நுனியில் அந்த வார்த்தை நிற்கிறது. என் வலது கை பாக்கெட்டுக்குள்ளே தானாகவே மூன்று விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறது. நான் அதை வெளியே எடுக்கவில்லை. திரும்பி, "ஆரம்பிச்சா ஆரம்பிக்கட்டும் சார், ஒண்ணும் ஓடிப் போயிடாது" என்றேன்.

"ம்... ம்... மூணு" என்றாள்.

கவுண்டர்காரர் மூன்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அவருக்கு அது சாதாரண மூணு. எனக்குக் கண் மறைத்துவிட்டது, படியில் தடுக்கி விழப் பார்த்தேன்.

படம் சுமார்தான். கதாநாயகன் இரண்டு மணி நேரமும் தாடியைத் தடவுகிறான். வில்லன் ஒருவர், மீன் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லோரையும் மிரட்டுகிறார். ஏன் மிரட்டுகிறார் என்று எங்களுக்குத் தெரியாது, நாங்கள் உள்ளே போனபோதே மிரட்டிக்கொண்டிருந்தார். முடிவு எனக்கு இருபதாவது நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது. சொல்லவில்லை.

பஸ்ஸில் வரும்போது பாப்பா, "மு... முதல்ல என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியும், சொல்லட்டுமா?" என்றாள். அந்த மீன் தொட்டிக்காரர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது யாரும் அவரோடு விளையாட வரவில்லையாம். பேச்சு வராதாம். மீன்கள் மட்டும்தான் அவசரப்படுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தனவாம். உன் ரத்தம்தான், சந்தேகமே இல்லை. திக்கினாள், நின்றாள், மறுபடி பிடித்தாள். கண்டக்டர் வந்து நின்று கேட்டுவிட்டுப் போனார். எங்கள் ஸ்டாப் எப்போதோ போய்விட்டது. கடைசி ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்தோம். கதை அப்போதும் முடியவில்லை.

நடந்து வரும்போது உன்னைப் பற்றிச் சொன்னேன், அப்பாவைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தாத்தா உங்களை எப்படிக் கூப்பிடுவாரு?" என்றாள். சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். இப்போதுதான் எனக்குத் தொப்பை வேறு இருக்கிறதே, விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் ரோட்டில் நாலு அடி முன்னால் ஓடி, திரும்பி நின்று சத்தமாகக் கூப்பிட்டுப் பார்த்தாள்.

"யானை!"

ஒரு தடங்கலும் இல்லை, அக்கா. வெண்ணெய் மாதிரி வந்தது.

அவள் பெயரைச் சொல்வது அவளுக்கே கஷ்டமாக இருக்கிறதாம், அத்தை கூப்பிடுகிற பாப்பாவே போதும் என்றாள். ரிமோட்டைத் தபாலில் அனுப்பாதே, நேரில் கொண்டு வா. பேட்டரி நான் வாங்கி வைத்துவிட்டேன். அவள் உனக்கு அந்தப் படத்தின் ஆரம்பத்தைச் சொல்ல வேண்டுமாம். கொஞ்சம் நேரம் பிடிக்கும், ராத்திரி தங்குகிற மாதிரி வா.

யானை